மேற்கு ஜன்னலைத் திறந்து வை, மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,

போன புதன்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் புளியரைக்கு வந்திருந்தபோது உன்னிடம் சொல்லத் தொடங்கியதை முடிக்க முடியாமல் போயிற்று. பேச்சின் நடுவே உன் கணினியில் ஒரு மணி ஒலித்தது. "ஒரு நிமிஷம் மாமா" என்று திரும்பி உட்கார்ந்தவள், செங்கோட்டைப் பேருந்துக்கு நான் எழுந்த வரைக்கும் அந்தப் பக்கமே இருந்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, வேலை அப்படி. ஆனால் சொல்ல வந்தது மனத்திலேயே தங்கிவிட்டது. 26 வருடமாகக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து வருகிறேன். உன் வயதில், உன்னைப் போல நாள் முழுக்க வீட்டிலிருந்தே கணினித் திரையைப் பார்க்கும் வேலையில், நீ சொல்லும் அதே கண் உறுத்தலோடு வருகிறவர்கள் இந்தச் சில ஆண்டுகளில் மிகவும் பெருகிவிட்டார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு, அவர்களும் படிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ ஒரு காப்பீட்டுக் கோப்பில் ஆழ்ந்திருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உன் கண்கள் எத்தனை முறை இமைக்கின்றன என்று எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 5 முறை. அவற்றிலும் இரண்டு அரைகுறை. மேலிமை பாதி வழி இறங்கிவிட்டு, கீழிமையைத் தொடாமலே திரும்பிப் போயிற்று. உன் அம்மா, அதாவது என் அக்கா, காப்பி கொண்டுவந்து வைத்ததும் நீ திரும்பி அவளிடம் எதையோ கேட்டுச் சிரித்தாய் அல்லவா, அந்த ஒரு நிமிடத்தில் 18 முறை. 1993-இல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள் அலுவலக ஊழியர்களிடம் இதையே எண்ணிப் பார்த்து வெளியிட்டிருக்கிறார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும் இமைத்தார்கள். கண்ணை முழுதாக மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாகக் கருவிழியின் மேல் பரவுகிறது; இமைப்பு குறைந்தால் அந்தப் படலம் ஆங்காங்கே காய்ந்து விட்டுப்போகிறது. "மணல் விழுந்தாப்ல உறுத்துது மாமா" என்று நீ சொன்னது இதைத்தான். புத்தகத்தைக் குனிந்து படிக்கும்போது மேலிமை கண்ணில் ஒரு பகுதியையாவது மூடியிருக்கும். உன் திரையோ நெற்றி மட்டத்தில் இருக்கிறது. அதை அண்ணாந்து பார்க்கையில் கண் அகலத் திறந்து ஈரம் விரைவாகப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு மேசை விசிறியின் காற்று நேரே உன் முகத்தில் அடிக்கிறது.

பவர் கூடியிருக்கும் என்று நீ பயந்தாய். போன மாதம் கடைக்கு வந்தபோது இரண்டு முறை பார்த்தேன், பவர் இம்மியும் மாறவில்லை. அப்படியிருந்தும் வேலை முடிந்து மாடியிலிருந்து இறங்கும்போது தெருக்கோடியில் இருக்கும் பலகை மங்கலாகத் தெரிகிறது என்றால், அதற்கு வேறு காரணம் உண்டு. கண்ணுக்குள் வில்லையைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்க அது சுருங்க வேண்டும், தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது தளர்ந்துவிடும். 9 மணி நேரம் இரண்டடித் தூரத்தையே பார்த்த தசை, நீ எழுந்துவிட்டாய் என்பதற்காக உடனே தளர்ந்துவிடாது. தண்ணீர்க் குடத்தை நெடுந்தூரம் சுமந்து வந்த கை, குடத்தை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் மடங்கியபடியே இருக்குமே, அதுபோல. இதற்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. நீ கேட்ட 'ப்ளூ கட்' கண்ணாடியையும் உனக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளால், சாதாரணக் கண்ணாடிகளோடு ஒப்பிடும்போது, கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அந்தப் பணத்தை வைத்துக்கொள். உனக்கு வேண்டியது இடைவெளி.

இடைவெளி எடுக்கத்தான் செய்கிறேன் என்று நீ சொல்வாய். அன்றைக்கு நீ எடுத்த இடைவெளியையும் நான் பார்த்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளினாய், கையை உயர்த்திச் சோம்பல் முறித்தாய், மேசையில் கிடந்த போனை எடுத்தாய். ஏழு நிமிடம் கழித்துப் போனை வைத்துவிட்டுப் பழையபடி திரையின் முன் நகர்ந்தாய். இரண்டடித் தூரத்தில் இருந்த பார்வை அந்த ஏழு நிமிடமும் ஓரடிக்குள் வந்துவிட்டது. தசை இன்னும் இறுகியது, கழுத்து இன்னும் குனிந்தது, இமை இமைக்க மறந்தது, முதுகு இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் வைத்த காப்பியில் ஆடை படிந்திருந்தது. மருமகளே, அதை ஓய்வுக் கணக்கில் எழுதாதே. வேலையின் இடம் மாறியதே தவிர, கண்ணுக்கும் கழுத்துக்கும் அந்த ஏழு நிமிடம் கிடைக்கவே இல்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உன் ஆச்சியின் நினைவு வருகிறது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் ஆயிரம் பீடி சுற்றாமல் அவள் எழுந்ததில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பலமுறை எழுந்திருக்கிறாள். இலையை ஊறப்போட வேண்டும், ஊறியதை ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும், தகட்டை வைத்து அளவாக நறுக்க வேண்டும், நறுக்கியது தீர்ந்தால் அடுத்த கட்டு இலையை எடுக்க உள்ளே போக வேண்டும், சுற்றியதை எண்ணிக் கட்டுப்போட வேண்டும், சாயங்காலம் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடக்க வேண்டும். அவளுடைய முதுகு நோகாமல் இருந்தது என்றோ, புகையிலைத் தூள் அவள் நெஞ்சை விட்டுவைத்தது என்றோ நான் சொல்ல மாட்டேன். அந்த வேலையின் கொடுமை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலைக்குள்ளேயே அங்கங்கே ஒரு நிறுத்தம் இருந்தது. நூல் தீர்ந்தால் கை நிற்கும். கை நிற்கும்போது அவள் தலையை நிமிர்த்தி மேற்கே மலையைப் பார்ப்பாள், சாரல் இறங்குகிறதா, துணியை எடுக்க வேண்டுமா என்று. உன் வேலையில் எதுவும் தீர்வதில்லை. ஒரு கோப்பை முடித்தால் அடுத்தது தானே வந்து நிற்கிறது. பக்கத்தைப் புரட்டக்கூட வேண்டாம். அந்த வேலை உனக்கு நிறுத்தம் தராது என்பதால் நிறுத்தத்தை நீதான் அதற்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

உன் அம்மாவின் கதை இதற்கு நேர்மாறு. காலையில் ஆரியங்காவு வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்து, கேரளப் பக்கம் புனலூரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தாள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. இரவில் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருந்ததை நானும் பார்த்தேன், வயதாகிறது என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பினரும் கடைப் பெண்களுக்காகப் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, கேரள அரசு 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரத்தில் உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் 2021-இல் அதே திருத்தம் வந்தது. அக்கா 2016-இலேயே கால் தாளாமல் வேலையை விட்டுவிட்டாள். உட்கார்வதற்குச் சட்டம் வேண்டியிருந்த ஒருத்தியின் மகள் இன்று எழுந்திருக்கப் பயப்படுகிறாள் என்பதை அன்று உன் அறையில் உட்கார்ந்தபடி நினைத்தேன். அக்காவிடம் கேட்காமல் விட்டதை உன்னிடமும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஐந்து நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் உன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுகிறது, வாரக் கடைசியில் குழுத் தலைவர் மஞ்சள் நிமிடங்களைக் கூட்டிக் கேட்கிறார் என்று சொன்னாய். குளியலறைக்குப் போகும்போது தம்பியை விட்டு மௌஸை அசைக்கச் சொல்வதாகவும் சொன்னாய். இதைக் கேட்டு எனக்கு நெஞ்சு வலித்தது. இதில் உன் ஒழுங்கீனம் எதுவும் இல்லை. திரைமுன் வேலை செய்வோருக்கு இடைவெளி என்பது உலகில் பல இடங்களில் முறைப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகளில் 1990-ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, திரைமுன் வேலை அவ்வப்போது ஓய்வாலோ வேறு வேலையாலோ தடைப்பட வேண்டும் என்று முதலாளியைப் பணிக்கிறது. ஜப்பான் அரசின் வழிகாட்டுதல், தொடர்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அடுத்த வேலைக்கு முன் 10 முதல் 15 நிமிடம் இடைவெளி வேண்டும், அந்த ஒரு மணிக்குள்ளும் ஓரிரு சிறு நிறுத்தங்கள் வேண்டும் என்கிறது. 2022-இல் ருமேனிய ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 10 நிமிடத்துக்கு மேற்படாத சிறு இடைவெளிகளே களைப்பைக் குறைத்துச் சுறுசுறுப்பைக் கூட்டுவதாகத் தெரிந்தது. மூளையை மிகவும் உழைக்க வைக்கும் வேலைக்கு அதைவிட நீண்ட ஓய்வு வேண்டியிருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். குழுத் தலைவரிடம் நீ மட்டும் தனியாகப் பேச வேண்டாம். உன்னோடு வேலை செய்கிறவர்களில் நான்கைந்து பேருக்காவது இதே எரிச்சல் இருக்கும். சேர்ந்து, எழுத்தில், மணிக்கு 10 நிமிடம் என்று குறிப்பாகக் கேளுங்கள். களைத்த கண் காப்பீட்டுக் கோப்பில் தப்பான குறியீட்டைப் போடும் என்பது உங்கள் வேலையில் அவர்களுக்கும் கவலையான விஷயம்தான்.

இனி உன் அறை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பார் என்று ஒரு விதி உண்டு. ஜெஃப்ரி ஆன்ஷல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் 1990-களில் சொல்லிப் பரவியது. நானும் கடையில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் உன் அறை பத்துக்குப் பத்து. அதில் எந்த மூலையைப் பார்த்தாலும் 20 அடி வராது. வெளியே பார்க்க இருக்கும் ஒரே வழி மேற்கு ஜன்னல், அதையும் பழைய போர்வையைப் போட்டு மூடியிருக்கிறாய். வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது என்பது உண்மைதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையைப் போட்டால் அப்படித்தான் கூசும். மேசையைத் திருப்பி, ஜன்னல் உன் இடக்கைப் பக்கம் வரும்படி போட்டால் ஒளி திரையில் நேரே விழாது, போர்வையும் வேண்டாம். தலையைத் திருப்பினால் வயல், அதற்கப்பால் தென்னை, அதற்கப்பால் மலை. இரண்டு மாநிலத்தார் ஊர்விட்டு ஊர் வந்து பார்க்கும் மலை உன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு, புளியரை வளைவுகளில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும், அவற்றைப் பார். பார்க்கும்போது பத்து முறை நிதானமாக, இரண்டு இமையும் ஒன்றையொன்று தொடும்படி, மூடித் திற.

20 விநாடி கண்ணுக்குத்தான். முதுகுக்கும் மனத்துக்கும் அது காணாது. மணிக்கு ஒருமுறை எழுந்து, போனை மேசையிலேயே விட்டுவிட்டு, மாடியிலிருந்து கீழே இறங்கு. ஒரு லிட்டர் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு ஆச்சியின் சின்னச் செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டால் அது தீரும், தீர்ந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். அடுக்களையில் அக்காவோடு நான்கு வார்த்தை பேசு, முற்றத்தில் கிடக்கும் துணியை மடி, கோழிக்குத் தானியம் போடு. வலி வந்த பிறகு எழலாம் என்று காத்திருக்காதே. உறுத்தல் தொடங்கும்போது கண் ஏற்கெனவே காய்ந்திருக்கும், அதன் பிறகு எடுக்கும் ஓய்வுக்குப் பலன் பாதிதான். முதல் சில நாள் நினைவிருக்காது, அலாரம் வைத்துக்கொள். அலாரத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன், மணிக்கு ஒருமுறை கீழிருந்து கூப்பிடுவாள். கோபித்துக்கொள்ளாதே. இப்படி ஒரு மாதம் இருந்து பார்த்தும் உறுத்தலோ தலைவலியோ குறையாவிட்டால் என் கடையோடு நிற்காமல் கண் மருத்துவரிடம் போவோம், நானே கூட வருகிறேன்.

வரும் ஞாயிறு உனக்கு விடுப்பு என்று அக்கா சொன்னாள். காலையில் வருகிறேன். திரை நெற்றி மட்டத்திலிருந்து இறங்க வேண்டும், அதற்குக் கீழே வைத்திருக்கும் அந்த இரண்டு தடித்த டைரிகளையும் எடுத்துவிடு. தேக்கு மேசை கனம், அதைத் திருப்ப என்னோடு இன்னொருவர் வேண்டும், தம்பியை எங்கும் போகாமல் வீட்டில் இருக்கச் சொல். கண்ணாடியின் இடது காம்பு தளர்ந்திருக்கிறது, திருப்புளியும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
செங்கோட்டை மாமா