கடைசிப் பக்கத்துப் பென்சில் எழுத்து

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. விடைத்தாள் திருத்தும் வேலையில் மாட்டிக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. தங்கைக்கு முழங்கால் வலி தேவலையா?

இந்த ஆண்டு முதலாண்டுப் பிள்ளைகள் இருபது பேரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று 2021-இல் பொறியியலுக்கும் வந்ததே 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, அதில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருத்தி வகுப்பில் வாயே திறப்பதில்லை. ஒருநாள் அவள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், தேதி போட்டுச் சந்தேகங்கள். பாதியை அழித்திருந்தாள். அழியாமல் நின்ற ஒன்று: "டிஃபரென்ஷியேஷன் என்றால் வகையிடலா?" தமிழ் வழியில் படித்து பிளஸ் டூ கணக்கில் 98 வாங்கியவள், மாப்பிள்ளை! கைவந்த கணக்கை ஒரு வாரம் புதுப்பாடம் என்று நினைத்து மிரண்டிருக்கிறாள்.

"கோட்டாவில் வந்தவள்தானே சார், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றாள். எதை என்று கேட்டேன். பதில் இல்லை.

பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அவர்கள் கவனித்த 150-க்கும் மேற்பட்ட பெண்கள் பட்டமும் பதவியும் பெற்றவர்கள். ஆனாலும் பிறரை ஏமாற்றித்தான் அங்கே வந்துவிட்டோம் என்று உள்ளூர நம்பியவர்கள். சரிதான். ஆனால் பழி முழுவதையும் இந்தப் பெண்ணின் மனத்தின்மீது போட எனக்கு மனம் வரவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று வகுப்பு நடுவே கேட்பவர்கள் நாங்கள்தானே. நானே கேட்டிருக்கிறேன்.

கல்லூரியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்தார்கள். இரண்டு மணி நேரம் முழங்கினார். பிள்ளைகள் கைதட்டிவிட்டுச் சமோசா தின்னப் போனார்கள். அடுத்த வாரம் மூன்றாமாண்டுப் பையன் ஒருவனை இவர்கள் நடுவே உட்காரவைத்தேன். முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்ததையும், அம்மாவிடம் "எல்லாம் பாஸ்" என்று புளுகியதையும் அவன் சொல்லி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "எந்தெந்தத் தாள், அண்ணா?" என்று ஒரு குரல். அவள்தான்!

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வால்டன், கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் புது மாணவர்களுக்கு, மூத்தவர்கள் தொடக்கத்தில் தவித்துப் பிறகு தேறிய கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சுமார் ஒரு மணி நேர வேலை. மூன்றாண்டு கழித்தும் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணில் அதன் பலன் தெரிந்ததாக 2011-இல் எழுதினார்கள்.

அதைப் படித்ததும் உன் நினைவு வந்தது. விடுதியில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாய். உன் எதிரில் வாய் திறக்கவே ஒரு வருடம் பயந்தேன். ஒவ்வொரு வைவாவுக்கு முன்பும் குளியலறையில் வாந்தி எடுத்தாய் என்பதைப் பத்து வருடம் கழித்துத்தான் சொன்னாய், பாவி!

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வா. உன் பட்டறை வளர்ந்த கதையெல்லாம் வேண்டாம், அந்த வாந்திக் கதையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல். பஸ் நிலையத்துக்கு வண்டியோடு வருகிறேன். தங்கையையும் அழைத்து வா. படிக்கட்டு இல்லாத அறையாகப் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்