காட்சி அறிக்கையில் எழுதாமல் விட்டவை: ஒரு நன்றி மடல்

நம் நாடகத்தில் உடன் உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

கடைசிக் காட்சி முடிந்து தட்டிகளைக் கழற்றத் தொடங்கியிருந்த நேரத்தில், மேடைத் தரையில் ஒட்டியிருந்த வண்ண டேப் துண்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் கால்களுக்கு நான்கு, மேசைக்கு நான்கு, இரண்டாம் அங்கத்தில் தந்தை வந்து நிற்கும் இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி என்று எண்ணிக்கொண்டே போனால், எழுபதைத் தாண்டியது. நடிகர் ஒருவருக்காகக் காத்திருந்த பார்வையாளர் அருகில் வந்து, நான் என்ன பணி செய்கிறேன் என்று கேட்டார். மேடை மேலாளர் என்றேன். "எல்லாம் தானாகவே நடந்ததுபோல் இருந்தது, உங்களுக்கு அதிக வேலை இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆனால் அந்தப் பாராட்டை நான் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை. எதுவுமே தானாக நடக்கவில்லை. தவறுகளும் நடக்காமல் இல்லை. அவற்றுள் பாதி என்னுடையவை. அவை இருக்கைகளில் இருந்தவர்களின் கண்ணில் படாமல் போனதற்கு நீங்களே காரணம். ஒவ்வோர் இரவும் நான் எழுதும் காட்சி அறிக்கையில் தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம், உடைந்த பொருள், தாமதம் ஆகியவை மட்டும் ஒற்றை வரியில் இருக்கும். நடந்த 42 காட்சிகளின் அறிக்கைகளையும் நேற்று வரிசையாகப் படித்தபோது, அந்த ஒற்றை வரிகளுக்குள் நான் எழுதாமல் விட்டவை எத்தனை என்பது உறைத்தது. அதனால்தான் இந்த மடல். பெயர்களைக் குறிப்பிடவில்லை, பணியைச் சொன்னாலே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஒளிப் பலகையில் அமர்ந்திருந்தவருக்கு. இந்த நாடகத்தில் ஒளிக்கு மட்டும் 94 க்யூக்கள், அதாவது விளக்கை மாற்ற நான் சொல்ல வேண்டிய தருணங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னதாக "ஆயத்தம்" என்று ஹெட்செட்டில் சொல்லிவிட்டு, உரிய சொல்லோ அசைவோ வரும் கணத்தில் "கோ" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒழிய எவரும் பொத்தானைத் தொடக்கூடாது. ஆகவே வேறு எந்தப் பேச்சிலும் அந்த எழுத்தை உச்சரிக்கக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத விதி. தமிழில் பேசிக்கொண்டு இந்த விதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை முதல் தொழில்நுட்ப ஒத்திகையிலேயே கற்றுக்கொண்டேன். ஆயத்தம் கொடுத்துவிட்டு, நினைவு வந்தவனாக "கோணம் சரிதானே?" என்று விளக்கின் சாய்வைப் பற்றிக் கேட்டேன், முதல் எழுத்து காதில் விழுந்ததுமே மேடை இருண்டது. நீங்கள் என்மீது குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து கோணம் 'சாய்வு' ஆயிற்று, கோப்பு 'தாள்' ஆயிற்று, கோபம் வந்தால்கூட 'எரிச்சல்' என்று சொல்லப் பழகினோம்.

17ஆம் காட்சியின் அறிக்கையில் "ஒளி க்யூ 61, மூன்று விநாடி தாமதம்" என்று இருக்கிறது. உண்மையில் நடந்தது, நான் க்யூ புத்தகத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, 63க்கு ஆயத்தம் கொடுத்துவிட்டேன். அதை நான் இயக்கச் சொல்லியிருந்தால், மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே விடிந்திருக்கும். நீங்கள் கையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு, "இரண்டு பக்கம் போய்விட்டதா?" என்று, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காத குரலில் கேட்டீர்கள். சொன்னதைச் செய்வது பலகை இயக்குபவரின் கடமை. சொல்பவர் தடுமாறுகிறார் என்று அவருடைய மூச்சிலிருந்தே அறிந்துகொள்வது எந்தப் பணி விளக்கத்திலும் இல்லாதது. அந்த மூன்று விநாடிகளை உங்கள் பெயரில் தாமதமாக எழுதிய அறிக்கையை இன்று திருத்தி எழுதிவிட்டேன்.

கைப்பொருட்களைக் கவனித்துக்கொண்ட உதவி மேடை மேலாளருக்கு நன்றி சொல்ல, கடிதச் சம்பவத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவிடத்தில், இருந்த பொருள் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே அதன் பெயரையும் எழுதியிருந்தீர்கள். எது இல்லையோ அதன் வெற்று வடிவம் கண்ணில் குத்தும். 29ஆம் காட்சியன்று, இடைவேளை முடிய ஆறு நிமிடங்கள் இருக்கையில், நீள்சதுர வடிவம் ஒன்று வெறுமையாக இருந்தது. முந்தைய இரவு நடிகர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார். சட்டை துவைக்கப் போய்விட்டது. மாற்றுப் பிரதி ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று என் பட்டியலில் மூன்று வாரமாக எழுதியிருந்தும் செய்யாமல் இருந்தது நான்தான். நீங்கள் ஒரு சொல்லும் பேசாமல், தரையில் அமர்ந்து, பழுப்புத் தாளில் அந்தக் கடிதம் முழுவதையும் மனப்பாடமாக எழுதினீர்கள். நடிகை அதை மேடையில் விரித்துப் படிக்கிறவர்; வரி மாறினால் அவருடைய கண் தடுமாறும் என்று, மூலக் கடிதத்தில் வரிகள் எங்கெங்கே முறிந்தனவோ அங்கேயே முறித்தீர்கள். இரண்டாம் பத்தியில் பேனா கசிந்து விழுந்த மைப் பொட்டைக்கூட வைக்க மறக்கவில்லை. அறிக்கையில் நான் எழுதியது: "கடிதம் புதிதாக மாற்றப்பட்டது."

உடை மாற்ற உதவியவருக்கும், மேடைத் தச்சருக்கும் ஒன்றாகவே நன்றி சொல்கிறேன், ஏனெனில் இருவரும் இருட்டில் பணிபுரிந்தவர்கள். கடும் வெளிச்சத்தில் நின்ற கண், இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும் என்பது உடலியல். நம் கதாநாயகிக்கு நான் கொடுத்திருந்ததோ 40 விநாடி. அந்த 40 விநாடிக்குள் அவர் வெளிச்சத்திலிருந்து விங்குக்குள் வந்து, உடை மாற்றி, மறுபக்கம் ஏழு படிகள் ஏறியாக வேண்டும். நீலத் தாள் சுற்றிய சிறு டார்ச்சைப் பற்களால் கவ்வியபடி, ஊக்குகளை மணிக்கட்டுப் பட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டு, முதலில் அவருடைய தோளில் ஒரு கையை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவீர்கள். அந்தக் கை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சு விடுவார்" என்றீர்கள்.

அந்தப் படிகளின் ஓரங்களில் ஒட்டியிருந்த ஒளிரும் டேப்பைப் பற்றி வெளியில் பலருக்குத் தெரியாது: அது தானாக ஒளிர்வதில்லை; முன்னதாக வெளிச்சம் காட்டினால்தான் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இருட்டில் சிறிது நேரம் திருப்பித் தரும். தினமும் அரங்கம் திறக்கும் முன் தச்சர் டார்ச்சுடன் ஒவ்வொரு துண்டின் முன்னும் உட்கார்ந்து வெளிச்சம் ஊட்டுவார். ஒரு நாள் நான் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, அதைச் செய்ய நானும் மறந்துவிட்டேன். படிகள் முழு இருட்டில் கிடந்ததை அவர்தான் கண்டார். தம் வெள்ளைக் கைக்குட்டையை முதற்படியின் ஓரத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு, அந்த அங்கம் முடியும்வரை குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். மறுநாள் முழங்கால் வலியோடு வந்தவர் அதற்குக் காரணம் மழை என்றார்.

அரங்க வாயில்களின் பொறுப்பில் இருந்த அம்மையாருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒரு நாள் கூட்டம் வெளியே காத்திருந்தது. எனக்குத் தாமதம் என்றால் உடம்பு எரியும். பின்பக்க அவசர வழியின் முன் யாரோ நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததால், அவற்றை அகற்றும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டேன் என்று நீங்கள் நின்றீர்கள். "இடைவேளையில் எடுத்துவிடலாமே" என்று நான் குரல் உயர்த்தினேன். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோ நகரின் இரோக்வா அரங்கில், விளக்கொன்றின் பொறி திரைச்சீலையில் பற்றியதையும், தீத்தடுப்புத் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டதையும், வெளியேறும் கதவுகள் பல பூட்டியும் மறைக்கப்பட்டும் கிடந்ததால் 600க்கும் மேற்பட்டோர் மாண்டதையும், அந்த அரங்கம் திறந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை என்பதையும் நான் படித்தவன். பயிற்சிக்கு வருவோரிடம் சொல்பவனும்கூட. படித்திருந்த நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கதவைப் பார்த்தீர்கள். "ஏழு நிமிடம் தாமதம், அரங்கக் காரணங்கள்" என்று அன்று எழுதியது கோழைத்தனம். காரணம் நாற்காலிகள், தடுத்தவர் நீங்கள், தவறு என்னுடையது.

இயந்திரங்களைவிட மனிதர்களிடம் சொல்ல வேண்டியவையே இந்தப் பணியில் கடினமானவை. முதல் காட்சி முடிந்ததும் இயக்குநர் விடைபெற்றுக்கொள்வார். அவர் அமைத்த நாடகம் அமைத்தபடியே நடக்கிறதா என்று காப்பது அன்றிலிருந்து மேலாளரின் பொறுப்பு. முதல் அங்கம் தொடக்கத்தில் 52 நிமிடங்களில் முடிந்தது. இருபதாம் காட்சி வாக்கில் 56 ஆயிற்று. ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு நான்கு நாட்கள் தேடியதில், அந்த நான்கு நிமிடங்களில் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம், நம் மூத்த நடிகரின் மௌனங்களுக்குள் இருந்தது. என் வயதைவிட அதிக ஆண்டுகள் மேடையில் நின்றவர் அவர். அந்த மௌனங்களுக்கு அரங்கம் கட்டுண்டு கிடந்ததும் உண்மை. எனினும் அவை நீள நீள, எதிரே நிற்கும் இளைஞரின் பதில் தன் கூர்மையை இழந்துகொண்டிருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு இரவு உறங்கவில்லை. ஒப்பனை அறையின் கதவுவரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் சொன்னேன். ஐயா, நீங்கள் ஒப்பனைப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, எந்த வசனத்துக்கு முன், எத்தனை விநாடி என்று கேட்டு, சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். "இதைச் சொல்ல உனக்கு இரண்டு நாள் ஆயிற்றா?" என்று மட்டும் கேட்டீர்கள், நான் கதவருகே வந்து திரும்பியதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்கள். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் ஒப்பனையைக் கலைக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, "இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்பது வழக்கமாயிற்று. மற்ற நடிகர்களிடம் குறைகளைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது அந்தக் கேள்வியால்தான். நீங்கள் அதை எல்லோர் காதிலும் விழும்படிக் கேட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஒலிப் பொறுப்பாளருக்கும், மேலே கயிறுகளைப் பிடித்திருந்த இருவருக்கும் என் நன்றி. உங்களைப் பற்றிச் சொல்ல அறிக்கைகளில் ஒரு வரிகூட இல்லை என்பதே உங்கள் வேலையின் தரம். காட்சிக்கு முன் மேடையைப் பெருக்கி ஈரத்துணியால் துடைத்தவர், வெறுங்காலோடு நடிக்கும் குழந்தைக்காக, துடைத்த பிறகு தம் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்ப்பார். அப்படி அவர் கண்டெடுத்த மூன்று குண்டூசிகளையும் என் மேசையில் ஒரு சிறு டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாலை நேரத்து அழைப்பு எதற்கும் வராத, நான்கு மணி நேரம் தொலைபேசியை அணைத்துவிடுகிற ஒருவனைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்குத் தனியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன். அது இந்த மடலில் அடங்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நடமாட்டக் குறிப்புகள் ஒத்திகையில் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் க்யூ புத்தகத்தைப் பென்சிலால்தான் எழுதுவேன். பென்சிலைத் தொலைப்பதும் என் வழக்கம். ஒத்திகை தொடங்கிய நாள் முதல் உங்களிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராத பென்சில்கள் பதினொன்று இப்போது என் பையில் இருக்கின்றன. ஒன்றின் முனையில் பல் தடம் இருக்கிறது. அது உடை மாற்றுபவருடையதாக இருக்கலாம். மற்றவற்றுக்கு உரியவர்கள், அரங்கச் சாவியை நான் ஒப்படைப்பதற்குள் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் மேடை மேலாளர்