கண்ணை மட்டும் விட்டுவிட்டு

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

போனில் நான் சட்டென்று பேசாமல் போனேன். "என்னம்மா, லைன் கட்டாயிடுச்சா?" என்று இரண்டு முறை கேட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் மேல் காம்பஸை எறிந்தான், அது கன்னத்தைக் கீறிவிட்டது, நீ அவனை ஓங்கி அறைந்தாய். மறுநாள் அவன் அப்பா வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர், ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். இதைச் சொல்லும்போது உன் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது பார், அதுதான் என் வாயை அடைத்தது.

அந்த வசனத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் நான் கேட்டிருக்கிறேன். பாசத்தோடுதான் சொல்வார்கள். வயலிலும் செங்கல் சூளையிலும் கிடந்து சாகிறவர்கள், பிள்ளையாவது உருப்படட்டும் என்று நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்த அனுமதியைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, வாங்கிக்கொள்ள உனக்கும் இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆவது விதியை 2003இலேயே திருத்தி அடிப்பதை நிறுத்தியாகிவிட்டது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடம்பை வருத்துவதோடு மனதை வருத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்வதும் கணக்கில் வரும்.

"சட்டம் போட்டவங்க ஒருநாள் வந்து அறுபது பேரை மேய்ச்சுப் பாக்கட்டும்" என்பாய். தெரியும். 2003இல் ஸ்டாஃப் ரூமில் வடை தின்றுகொண்டே நானும் அதையேதான் சொன்னேன். அதனால் சட்டத்தை விடு. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1996, நீ என் வயிற்றில் இருந்த வருஷம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய பாசனக் கிணறு. கைப்பிடிச் சுவர் பாதி இடிந்து கிடந்தது. உள்ளே கல் இடுக்குகளில் புறா கூடு கட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குஞ்சு பிடிக்கப் பையன்கள் அங்கே போவார்கள். ஒருமுறை இரண்டு பேரைக் கையும் களவுமாகப் பிடித்து, உள்ளங்கையில் ஆளுக்கு ஆறு பிரம்படி கொடுத்தேன். அடுத்த வாரம், மதியம் முதல் பீரியட், எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா. ஒரு இடம் காலி. "எங்கேடா அவன்?" என்றேன். "வயித்து வலின்னு வீட்டுக்குப் போயிட்டான் டீச்சர்." மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னால் பொய் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் திரும்பிக் கரும்பலகையில் ஏ கூட்டல் பி முழுவதும் ஸ்கொயர்டு என்று எழுதினேன்.

ஒரு பீரியட் முழுவதும் ஓடியது. மணி அடித்த பிறகு ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே வந்து புடவை முந்தானையை இழுத்தாள். கிணற்றில் தண்ணீர் கம்மி, பாறை மேல் விழுந்து கிடந்தான். கயிறு கட்டித் தூக்கியபோது தொடை எலும்பு முறிந்து கால் தொங்கியது. அவ்வளவு நேரமும் அவன் கத்தியிருக்கிறான். என் வகுப்பில் நான் அவ்வளவு சத்தமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்த மூன்று பேரிடமும் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: "சொன்னா அடிப்பீங்க டீச்சர்."

கிணற்றுப் பக்கம் போய்ச் செத்துவிடக் கூடாதே என்றுதான் அடித்தேன். அந்த அடி அவர்கள் போவதை நிறுத்தவில்லை, போனதைச் சொல்வதை நிறுத்திவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன், லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பாரே, சின்ன வயதில் உனக்குக் காசு வாங்காமல் காற்றடித்துக் கொடுப்பாரே, அவர்தான் அந்தப் பையன்.

மறுநாளே பிரம்பை முறித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய். இன்னும் ஆறேழு வருஷம் அது என் மேஜை மேல்தான் கிடந்தது, அடிப்பது மட்டும் குறைந்தது. பழக்கம் அப்படி லேசில் போகாது. அதனால்தான் நீ இரண்டாம் வருஷத்திலேயே அதை ஆரம்பிப்பதைப் பார்த்து எனக்குப் பயம்.

கும்பகோணம் உனக்கு நினைவிருக்குமா? நீ இரண்டாம் வகுப்பு. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து மதிய உணவுக் கொட்டகையில் பிடித்த தீ மாடிக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். எல்லாம் உன் வயதும் உன்னைவிட ஓரிரு வயது கூடியதும். கீழே இறங்கக் குறுகலான படிக்கட்டு. அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தூங்கவில்லை. தூங்காததற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்து கிரில் கேட். பையன்கள் கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போகிறார்கள் என்று, இரண்டாவது மணி அடித்ததும் மாடிப்படிக்குக் கீழே இருந்த கேட்டைப் பூட்டச் சொன்னதே நான்தான். சாவி வாட்ச்மேன் இடுப்பில் இருக்கும், வாட்ச்மேன் டீக்கடையில் இருப்பார். மேலே இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஒழுங்குக்காக என்று நானே போட்ட பூட்டு.

திங்கட்கிழமை எச்.எம். அறைக்குப் போய்ப் பூட்டையே கழற்றி வாங்கிவிட்டேன். பிறகு வகுப்பு வகுப்பாக இறங்கிப் பழக்கினோம். முதல் தடவை ஒரே தள்ளுமுள்ளு, ஒரு பெண் உருண்டு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். படிக்கட்டில் தள்ளுவது சேட்டை என்றுதான் அதுவரை திட்டிக்கொண்டிருந்தோம். எதற்காகத் தள்ளக் கூடாது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கும் புரிந்தது, எங்களுக்கும் புரிந்தது. உன் பள்ளியில் எந்த வாசல் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று நாளைக்கே பார்.

சரி, அடிக்காமல் எப்படி என்று கேட்டாயே. பெரிய வித்தை ஒன்றும் என்னிடம் இல்லை.

காம்பஸ் பறந்ததா, முதலில் அடிபட்டவனைப் பார். போனில் எறிந்தவனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாய், கன்னம் கிழிந்தவனைப் பற்றி ஒரே ஒரு வரி. பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். அப்புறம் காம்பஸை எடுத்து உன் மேஜையில் வை. எறிந்தவனிடம் கடைசியாகப் போ, அதுவும் வகுப்பு மொத்தமும் வேடிக்கை பார்க்கும்போது வேண்டாம். பதினான்கு வயதுப் பையனுக்கு அறுபது பேர் முன்னால் தோற்றுப்போக முடியாது. முறைப்பான், எதிர்த்துப் பேசுவான், அதற்கும் சேர்த்து நீ அடிப்பாய். மணி அடித்ததும் வராந்தாவில், நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, பக்கவாட்டில் நின்று பேசு. எதிரே நின்றால் அது சண்டை மாதிரி ஆகிவிடும். உன் குரல் இறங்கினால் அவன் குரலும் இறங்கும். பத்துக்கு ஏழு தடவை இது நடக்கும். மீதி மூன்றுக்கு எச்.எம். இருக்கிறார்.

"வெளியே போ" என்று மட்டும் சொல்லாதே. வெளியே போனவன் யார் கண்ணிலும் இல்லை. அவன் கிணற்றுக்கும் போவான், ரோட்டுக்கும் போவான், பதிவேட்டில் மட்டும் உன் வகுப்பில் இருப்பான். மதியமும் தலையை எண்ணு. பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுத லீடரை நிறுத்துகிற வழக்கத்தையும் விட்டுவிடு. அது ஒரு பிள்ளை கையில் போலீஸ் லத்தியைக் கொடுப்பது. எத்தனை பகை அந்த போர்டில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

பெற்றோரை வரவழைப்பதிலும் நிதானம் வேண்டும். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றான். தன்னைப் பற்றிக் குறை எழுதி வீட்டுக்கு அனுப்பினார் என்ற ஆத்திரம். அந்த அம்மா செய்ததில் தப்பு இருந்தது என்று நான் சொல்லவே மாட்டேன், நாம் எல்லோரும் எழுதுகிற குறிப்புதான் அது. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்பதைப் பையனிடம் முதலில் சொல்லிவிடுவேன், அவனிடம் நல்லதாக ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதுவேன். இவன் அப்பா தோலை உரிக்கச் சொல்கிறவர். வீட்டில் அவர் என்ன செய்வார் என்று யோசித்தாயா?

அடுத்து, நம் மாவட்டத்துச் சங்கதி. கையில் கட்டுகிற சாதிக் கயிறு. எந்த நிறம் எந்த சாதி என்று இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், கேட்டால் "சாமிக் கயிறு டீச்சர்" என்பான். நான் ஒருமுறை வீராவேசமாகக் கத்தரிக்கோலை எடுத்து எல்லார் முன்னாலும் ஒருவன் கயிற்றை வெட்டினேன். மறுநாள் பத்துப் பேர் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையனைக் கூடப் படிக்கிறவர்கள் சாதியைச் சொல்லிக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பள்ளியில் தெரியவந்த பிறகுதான், இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். காப்பாற்றப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு. அதைத் தொடர்ந்து அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டுகிற எதுவும் பள்ளியில் கூடாது என்று அதில் இருக்கிறது. நல்லதுதான். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. பிள்ளைகள் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேனே, சொன்ன பிள்ளையின் கதி இதுவாகவும் இருக்கலாம். ஒருவன் வந்து ஏதாவது சொன்னால், "அவன் உன்னைப் பத்தி இப்படிச் சொல்றானே" என்று மற்றவனைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தாதே. நாம் அத்தனை பேரும் செய்கிற முட்டாள்தனம் அது. அன்றைக்கு அவன் யாரோடு வீட்டுக்குப் போகிறான், எந்த பஸ்ஸில் போகிறான் என்று விசாரி. வீட்டுக்கு நீயே போன் செய்.

இன்னொன்று, சுருக்கமாக. யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டார்கள் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால், துருவித் துருவிக் கேட்காதே, ஸ்டாஃப் ரூமில் வாய் திறக்காதே. "ஸ்கூல் பேர் கெட்டுடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்" என்று மேலே இருக்கிறவர்கள் சொல்வார்கள். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது நம் கடமை. தெரிந்தும் மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இருக்கிறது. இரண்டையும் போர்டு ஓரத்தில் எழுதி வை, அழிக்கவிடாதே.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தர்மபுரி வழியாக சனிக்கிழமை வருகிறார்கள், நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுகிறேன். பெரிய பாட்டில், எல்லாவற்றையும் ஸ்டாஃப் ரூமில் காலி பண்ணிவிடாதே.

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தேன். காம்பஸ், கன்னம், அறை, அப்பா, எல்லாம் சொன்னாய். அவன் ஏன் எறிந்தான் என்று நீ சொல்லவே இல்லை. கேட்டாயா?

அன்புடன்,
அம்மா