மின் நிறுவனம் ஒப்புதல் இல்லாமல் வாங்கும் கடனை மக்கள் தலையில் ஏற்றக் கூடாது எனக் கோரும் மனு

அனுப்புநர்
காரைக்குடி வட்டார மின் நுகர்வோர்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
எரிசக்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600009.
வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை.

பொருள்: அரசு மின் நிறுவனத்தின் கடன் ஒப்புதல்களைப் பொதுவில் வைத்தல் – ஒப்புதல் இல்லாத கடனைக் கட்டணத்திலும் வரியிலும் சேர்க்காதிருத்தல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

என் தாத்தா பர்மாவில் ஒரு வட்டிக் கடைக்கு ஏஜெண்டாக இருந்தவர். மூன்று வருடம் முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் வேலை, முதலாளி வீட்டில் கணக்கை ஒப்படைப்பதுதான். வாங்கிய கடன் ஒவ்வொன்றுக்கும் பவர் பத்திரத்தில் இடம் இருக்கிறதா என்று ஏட்டைப் புரட்டுவார்களாம். இல்லாவிட்டால், "யாரைக் கேட்டு எழுதினாய்?" என்ற கேள்வி வரும். கடன் கொடுத்து வாங்கிய ஊரில் பிறந்த நாங்கள், அதே கேள்வியை அரசிடம் கேட்க வந்திருக்கிறோம்.

மின் நிறுவனத்தின் கடன் எங்களிடம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, மின் கட்டணம். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது, 2024 ஜூலையில் 4.83 சதவீதம் மறுபடி உயர்ந்தது. உயர்வுக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனால் கடனுக்கான வட்டியும் கட்டணக் கணக்கில்தான் சேருகிறது. இன்னொன்று, வரி. மின் பகிர்மான நிறுவனங்களின் கடன் சுமையைக் குறைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017-ல் தமிழ்நாடு சேர்ந்தபோது, மின் பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. மாவு மில் வைத்திருப்பவரும் சரி, குத்துவிளக்கு மட்டும் எரியும் பெரிய வீட்டைக் காக்கும் காவல்காரரும் சரி, ஏதோ ஒரு வழியில் அதைக் கட்டுகிறார்கள்.

முறையாக வாங்கிய கடனை நாங்கள் எதிர்க்கவில்லை. நிலக்கரி வாங்க வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். இது ஊழியர்கள் மேல் சொல்லும் புகாரும் அல்ல. மழையிலும் கம்பம் ஏறுகிறவர்களை நாங்கள் அறிவோம். ஒப்புதல் இல்லாத கடன் இங்கே இருக்கிறது என்று நாங்கள் குற்றம் சாட்டவும் இல்லை. அப்படி ஒன்று வந்தால் அதை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள் என்கிறோம்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 180-ன்படி, ஒரு நிறுவனம் தன் மூலதனமும் கையிருப்பும் சேர்ந்த வரம்பைத் தாண்டிக் கடன் வாங்கப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அது இல்லாமல் வாங்கிய கடன் செல்லாது. அது செல்ல வேண்டுமானால், வரம்பு மீறியது தெரியாமல் நல்லெண்ணத்தில் கொடுத்தேன் என்று கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். கடனுக்கு மாநில அரசு கொடுக்கும் உத்தரவாதமும் சட்டமன்றம் விதிக்கும் வரம்புக்கு உட்பட்டது என்று அரசியலமைப்பின் 293-ஆம் பிரிவு சொல்கிறது. மொசாம்பிக் நாட்டில் அரசு நிறுவனங்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் வாங்கிய கடன்களுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்திருந்தது. 2019-லும் 2020-லும் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அவற்றைச் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் அந்த நாட்டு மக்கள் பட்ட கஷ்டம் பெரிது. அந்த நிலை இங்கே வர வேண்டாம்.

எனவே, மின் நிறுவனத்தின் ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்தவர், தொகை, வட்டி, தீர்மானத் தேதி, உத்தரவாத அரசாணை எண் ஆகியவற்றைத் தமிழில் ஆண்டுதோறும் வெளியிட்டு, உள்ளூர் மின் பிரிவு அலுவலகப் பலகையிலும் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறோம். தீர்மானமும் அரசாணையும் இல்லாத கடனின் அசலும் வட்டியும், மின் கட்டணத்தை முடிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையத்திடம் வைக்கும் கட்டண மனுவில் இடம்பெறக் கூடாது. அப்புறம், கடன் வாங்கி முடித்தபின் பழைய தேதியிட்டு ஒப்புதல் கொடுக்கும் வழக்கம் எந்த மட்டத்திலும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கடனை அரசே ஏற்க நேர்ந்தால், சட்டமன்றத்தில் வைத்து, கையெழுத்திட்டவர்களின் பொறுப்பை முடிவு செய்த பிறகே ஏற்க வேண்டும்.

இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: காரைக்குடி

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார மின் நுகர்வோர்