பராமரிப்போரின் நிறைவையும் பேசுவோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் என்றாலே களைப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். களைப்பு உண்மைதான். ஆனால், அம்மாவைக் கவனித்துவரும் எனக்குக் கிடைத்த நிறைவும் உண்மை.

மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டதால் அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. என் பெயர்கூட வாயில் வராது. ஆனால் தாலாட்டின் முதல் வரியை நான் எடுத்துக்கொடுத்தால் அடுத்த வரியை அப்படியே பாடிவிடுவார். பாடி முடித்ததும் முகத்தில் ஒரு பெருமிதம் வரும் பாருங்கள், அதற்கு ஈடே இல்லை!

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, தண்ணீர் புரையேறினால் கஞ்சியைக் கெட்டியாக ஊட்டுவது எல்லாம் போகப்போகப் பழகிவிட்டது. ஞாயிறன்று தம்பி வந்து பார்த்துக்கொள்கிறான். அந்த ஒருநாள் ஓய்வு இல்லாவிட்டால் என்னால் தாக்குப்பிடிக்கவே முடியாது.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி. அப்படியே பராமரிப்போரும் மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூடிப்பேச அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். புதிதாக இந்த நிலைக்கு வந்து திகைத்து நிற்கும் குடும்பங்களுக்கு, பழகிய நாங்கள் சொல்லித்தருவோம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்