ஒத்தை பேக்ஸ்லாஷ்

அன்பு மாப்ள,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாங்க. அந்த அலைச்சல்லதான் பதில் எழுதத் தாமதமாயிடுச்சு.

போன வாரம் ஒரு பழைய லினக்ஸ் சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டாங்க. வருஷக்கணக்கா அப்டேட்டே பண்ணாத மெஷின். சாதா யூசரா லாகின் பண்ணி, சுடோஎடிட்டுக்கு (சாதா யூசருக்கு அட்மின் அதிகாரம் கொடுக்கிற சுடோ புரோகிராமையே, ஃபைல் திருத்தக் கூப்பிடுற இன்னொரு பேர்) எஸ் ஆப்ஷன் கொடுத்து, பின்னாடி ஒரு சாய்வுக்கோடு (/) மட்டும் போட்டேன். பதில் 'யூசேஜ்'னு ஆரம்பிச்சா சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம். இங்கே 'சுடோஎடிட்'னு ஆரம்பிச்சு எரர் வந்துது. வயித்தைக் கலக்கிடுச்சு. 2021 ஜனவரியில குவாலிஸ்ங்கிற பாதுகாப்பு கம்பெனிக்காரங்க வெளியிட்ட அதே சுடோ ஓட்டை. (சுடோ வெர்ஷன் நம்பரை மட்டும் பார்த்து முடிவு பண்ணிடாதே. டெபியன், உபுண்டு எல்லாம் பழைய வெர்ஷனையே வச்சுக்கிட்டு உள்ளே சரி பண்ணிக் கொடுப்பாங்க.)

அது எப்படி நடக்குதுன்னு உனக்குச் சொல்லியே ஆகணும். ஷெல் மோடுல (அதான் அந்த எஸ் ஆப்ஷன்) ஓட்டினா, சுடோ சிறப்பு எழுத்துகளுக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் (\) சேர்க்கும். பிறகு வேற ஒரு ஃபங்ஷன் அதை எடுத்துடும். தனித்தனியாப் பார்த்தா ரெண்டுலயும் குறை இல்ல. சுடோஎடிட்னு கூப்பிட்டா மட்டும் சேர்க்கிற வேலை நடக்காது, எடுக்கிற வேலை நடக்கும். அப்போ ஆர்குமென்ட் (கட்டளைக்குப் பின்னாடி நாம கொடுக்கிறது) ஒத்தை பேக்ஸ்லாஷ்ல முடிஞ்சா என்ன ஆகும்? அதுக்கு அடுத்து நிக்கிறது ஸ்ட்ரிங் முடிஞ்சுதுன்னு காட்டுற நல் பைட். எடுக்கிற ஃபங்ஷனோட லூப் பேக்ஸ்லாஷைத் தாண்டி, அந்த நல்லையும் சாதா எழுத்து மாதிரி காப்பி பண்ணிட்டு மேலே போயிடும், வரப்பு தாண்டின மாடு மாதிரி. மேலே இருக்கிறது என்விரான்மென்ட் வேரியபிள்கள், புரோகிராமை ஓட்டுறவன் கூடவே அனுப்புற செட்டிங்ஸ். அதுல என்ன எழுதியிருக்கணும்னு தீர்மானிக்கிறவன் தாக்குறவன்! காப்பி போய் விழுற இடமான பஃபரோ ஆர்குமென்ட் நீளத்துக்கு மட்டும் அளந்து ஒதுக்கினது. மிச்சம் ஹீப்ல (பஃபர் இருக்கிற மெமரிப் பகுதி) பக்கத்துல இருக்கிறதை அழிச்சுட்டு உட்காரும். சுடோ அனுமதியே இல்லாத யூசர், பாஸ்வேர்ட் கேட்காமலே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசர், ஆயிடலாம்.

2011 ஜூலையில சுடோவுல சேர்ந்த புரோகிராம் வரிகள் அது. ஒன்பதரை வருஷம் யார் வேணும்னாலும் படிக்கிற இடத்துல கிடந்தது. நினைச்சா மனசு ஆறல.

நாம லேப்ல கெட்ஸ் (எவ்வளவு நீளம்னு பார்க்காமலே இன்புட்டை வாங்கிக்கிற சி ஃபங்ஷன்) போட்டுத்தானே எல்லா புரோகிராமும் எழுதினோம்? 1988ல மோரிஸ் வார்ம், அதான் இன்டர்நெட்ல தானாப் பரவின அந்தப் புரோகிராம், யூசர் விவரம் சொல்ற ஃபிங்கர் சர்வரோட 512 பைட் பஃபருக்கு 536 பைட் அனுப்பி நுழைஞ்சது அந்த கெட்ஸ் வழியாத்தான். சி மொழியின் தரத்திலிருந்தே அதைத் தூக்கினது 2011ல, சுடோவுக்குள்ள இந்த ஓட்டை புகுந்த அதே வருஷம்.

பசங்களுக்கு சி நடத்துறேன்னு எழுதியிருந்தே. அந்த லூப் பத்து வரிதான், இதோட வச்சு அனுப்பியிருக்கேன். ஒண்ணும் சொல்லாம போர்டுல எழுதிப் போடு. யார் கண்ணுல முதல்ல படுதுன்னு எனக்கு எழுது.

உன் மாப்ள