இலை செழித்தும் கிழங்கு திரளாதது ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கேரட், பீட்ரூட், முள்ளங்கி, மரவள்ளி பயிரிடுவோரில் பலர், "இலை நன்றாக இருக்கிறது, கிழங்குதான் திரளவில்லை, இன்னும் கொஞ்சம் யூரியா கொடுங்கள்" என்று எங்களிடம் கேட்கிறார்கள். அந்த நிலையில் யூரியா தர நாங்கள் தயங்குவதற்கான காரணத்தை இம்மடலில் விளக்குகிறோம்.

இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்கிச் சேர்ந்தால்தான் கிழங்கு பருக்கும். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் அச்சர்க்கரையில் பெரும்பங்கு புதிய இலைகளுக்கே செலவாகிவிடும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) போதாதபோது, சர்க்கரை வேருக்கு இறங்குவதும், அங்கே அதை மாவுச்சத்தாக மாற்றும் நொதி இயங்குவதும் ஒருசேரக் குன்றுகின்றன. அடி இலைகளின் ஓரம் மஞ்சளித்துக் கருகும். அடி இலையின் நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளிறினால் அது மெக்னீசியக் குறை. பொட்டாசியம் தரும் பொட்டாஷ் உரத்தை அள்ளி இட்ட நிலங்களில் இக்குறை தோன்றுவதுண்டு. மிகுந்த பொட்டாசியம் மெக்னீசியத்தை வேர் உறிஞ்சவிடாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறையில் இலை ஊதா படிந்து, செடியே குறுகி நிற்கும்.

எளிதில் ஏமாற்றுவது, மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்தான போரானின் குறைதான். வெளித்தோற்றத்தில் பழுதில்லாத பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டினால், வளையங்களுக்கிடையே தக்கைபோல் இறுகிய கருந்திட்டுகள் தெரியும். டர்னிப்பிலும் முள்ளங்கியிலும் நடுப்பகுதி பழுப்பேறியிருக்கும். செல்சுவரில் உள்ள பெக்டின் என்னும் பொருளின் இழைகளைப் பிணைப்பது போரான். இப்பயிர்களில் அது பழைய இலையிலிருந்து குருத்துக்கு எளிதில் நகராது என்பதால், அடி இலைகள் பசுமையாக இருக்கும்போதே இளங்குருத்து சுருண்டு கருகும். மணற்பாங்கான நிலத்திலும், சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், வறட்சியிலும் இக்குறை அதிகம். உண்டான கருந்திட்டு எந்தத் தெளிப்பாலும் மறையாது.

ஆயினும் மண் பரிசோதனை அறிக்கையின்றி போரான் உரமான போராக்ஸை நாங்கள் விற்பதில்லை. போரானில் பற்றாக்குறைக்கும் நச்சுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது. தவிர, போராக்ஸில் ஏறத்தாழ 11 சதவீதமும், தெளிப்புக்கான மற்றொரு போரான் உரமான ஆக்டாபோரேட்டில் ஏறத்தாழ 20 சதவீதமும் போரான் இருப்பதால், போராக்ஸுக்குரிய அளவில் ஆக்டாபோரேட்டைப் பயன்படுத்தினால் பயிர் கருகிவிடக்கூடும். (பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பவர்கள் குறைவு என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.)

ஆகவே அடுத்த முறை வரும்போது, ஓர் அடி இலை, ஓர் இளங்குருத்து, அப்போதே வெட்டிய ஒரு கிழங்கு, கார அமில நிலை குறிக்கப்பட்ட மண் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றையும், இதுவரை இட்ட உரங்களின் விவரத்தையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விதை, உர விற்பனையகத்தார்